மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த மாணவன்

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். 'பறையன்' பத்திரிகை, லண்டன் வட்டமேசை மாநாடு என்று பெரிய செய்திகளைத் தேடித்தான் நாம் அதைப் புரட்டுகிறோம். எனக்கு அதில் மறக்க முடியாமல் நிற்பது, அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கும் சில வரிகள்தான்.

அந்தப் பள்ளியில் சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். யாரோடாவது நெருங்கிப் பழகினால் வீடு எங்கே, அப்பா யார், சொந்தக்காரர்கள் யார் என்று கேட்பார்கள். கேட்டால் சாதி தெரிந்துவிடும். அதனால் அந்தப் பையன் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். பள்ளி விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடாதபடி வேகமாக நடந்து வீடு சேர்ந்துவிடுவான். கூடி விளையாட முடியாத அந்தக் கொடுமையை நினைத்து மனம் கலங்கியதை, எண்பது வயதை ஒட்டிய ஒரு தலைவர் எழுதுகிறார். எத்தனையோ போராட்டங்களுக்குப் பிறகும் அது அவருக்குள் ஆறவில்லை.

ஒன்றை கவனியுங்கள். அவரை அங்கே யாரும் அடித்ததாக அவர் எழுதவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தவறாமல் பள்ளிக்கு வந்த மாணவன். இன்றைய கல்வித்துறையின் எந்தப் படிவத்திலும் அவருடைய பிரச்சினை ஏறாது. மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து, 'ஏம்பா இங்கே இருக்கே?' என்று கேட்க ஒரு பெரியவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. மாணவர் நலன், ஆலோசனை, வழிகாட்டல் என்று இன்று எந்தப் பெயரில் சொன்னாலும் விஷயம் அந்தக் கேள்விதான். அது மேலைநாட்டிலிருந்து உளவியல் பாடமாக நமக்கு வந்து சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நம் முன்னோர்கள் தங்கள் சொந்தக் காயத்திலிருந்து அதை உருவாக்கினார்கள். அந்த வரலாற்றை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்தின் கதவு. 1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். 1893இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது பிறகு சென்னையில் ஐந்து பள்ளிகளாக வளர்ந்தது. கிறித்தவ மிஷன்கள் இதற்கெல்லாம் முன்பிருந்தே பள்ளிகளும் உறைவிடங்களும் நடத்திவந்தன. இவற்றின் பெயர்ப்பலகைகளில் 'பஞ்சமர்' என்ற சொல் ஏறியது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களையே ஏற்காதவர் பண்டிதர் அயோத்திதாசர். பெயரில் என்ன இருக்கிறது என்று இன்று கேட்பவர்கள், கோயம்புத்தூர் பையனை நினைத்துப் பார்க்கட்டும். எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பதில் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்றால், அந்தப் பிள்ளை எங்கே போய் ஒளிந்துகொள்வது?

பொதுப் பள்ளிகளின் நிலை என்ன? சட்டப்படி கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் 1919 வாக்கில் அரசே எடுத்த கணக்கின்படி, மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த 8,157 பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது, கோயில் மண்டபத்தில் இருக்கிறது, சாவடியில் இருக்கிறது, வாடகைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, இவைதான் காரணங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'சம ஆசனம்' தர வேண்டும் என்று அரசு சொன்னபோது, ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். ஒரு பெஞ்சில் சமமாக உட்காருவதற்கு அவ்வளவு விலை.

உட்கார்ந்த பிறகு தாகம் எடுக்கும். புரட்சியாளர் அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் உட்கார்ந்ததும், பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று இருந்ததும் நமக்கெல்லாம் தெரியும். நம் மண்ணில் எல். இளையபெருமாள் மாணவராக இருந்தபோது, பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தார். பின்னாளில் 1965இல் இந்தியா முழுவதும் தீண்டாமையைப் பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். அந்தக் குழுவின் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை நினைவுக்கு வரும்.

அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையில் அவமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் இடமில்லாததால் அவர் சர்னி ரோடு தோட்டத்தில் போய் உட்கார்ந்து படிப்பார். அதே தோட்டத்துக்கு வரும் வேறொரு பள்ளியின் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், தினமும் புத்தகமும் கையுமாக இருக்கும் இந்தப் பையனைக் கவனித்தார். யார் நீ, என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேற்படிப்புக்குப் பணமில்லை என்றபோது பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துப் போனதும் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

இரண்டு பையன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் ஒருவர் வெளியே உட்கார்ந்து படித்தார், யாரும் கேட்கவில்லை. பம்பாயில் ஒருவர் வெளியே உட்கார்ந்து படித்தார், ஒருவர் கேட்டார். ஆனால் கேலுஸ்கர் போன்ற ஒருவர் தற்செயலாகத்தான் வாய்ப்பார். லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தற்செயலின் பொறுப்பில் விட முடியாது என்பது அம்பேத்கருக்குத் தெரிந்திருந்தது. 1924இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியதும், அது முதலில் செய்த வேலைகளில் ஒன்று 1925 ஜனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விடுதி திறந்தது. அங்கே தங்கிய பிள்ளைகளுக்கு உணவும் உடையும் எழுதுபொருட்களும் கொடுக்கப்பட்டன. சபா ஒரு ஹாக்கி குழுவையும் நடத்தியது. கோயம்புத்தூர் பையன் விளையாட முடியாமல் மனம் கலங்கியதை நினைத்தால், ஒரு விடுதலை இயக்கம் ஏன் ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுத்தது என்பது புரியும். 1928இல் பம்பாய் அரசிடம் போராடி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 5 விடுதிகளுக்கு ஒப்புதல் வாங்கினார். அவருக்கும் முன்னால் கோலாப்பூரில் சாகு மகராஜ் இதே வழியைக் காட்டியிருந்தார்.

விடுதி என்றதும் நாம் சோறும் கட்டிலும் என்று நினைக்கிறோம். அன்று அது வேறு. ஊரில் மேல்நிலைக் கல்வி இல்லை. டவுனில் பள்ளி இருக்கிறது. ஆனால் வாடகைக்கு அறை தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உள்ளே விடமாட்டார்கள். விடுதி இல்லையென்றால் எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதோடு, மாலையில் திரும்பி வந்தால் 'இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது' என்று கேட்க ஆள் இருக்கும் இடம் அது.

தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர்; முனுசாமி என்பது இயற்பெயர். மிஷன் பள்ளியில் படித்தபோது மதம் மாறச் சொன்னார்கள், மறுத்தார், படிப்பு நின்றது. கோலார் தங்க வயலில் வேலை பார்த்தார். 1910இல் சிதம்பரம் வந்தார். நந்தன் தீயில் இறங்கியதாகப் புராணம் சொல்லும் அதே ஊரில், நந்தனார் பெயரிலேயே 1916இல் பள்ளி தொடங்கினார். சுற்றுவட்டாரச் சேரிகளுக்கு நேரில் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளை அழைத்து வந்தார். பண்ணையில் மாடு மேய்க்க வேண்டிய பையனைப் பள்ளிக்கு அனுப்பு என்று சொல்வது அன்று பண்ணையாரோடு மோதுவதற்குச் சமம். பள்ளியோடு மாணவர் விடுதியும் மாணவியர் விடுதியும் வந்தன. பள்ளி உயர்நிலைப் பள்ளியானது. கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியராக, அலுவலராக ஆன பல குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ நந்தனார் பள்ளியில் படித்திருப்பார்.

சகஜானந்தரின் மத நம்பிக்கைகளில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய அரசியலிலும் பல இடங்களில் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை அவர் சரியாகப் பிடித்தார் என்று நினைக்கிறேன். பள்ளிக்கு வந்த பிள்ளையை மட்டும் அல்ல, வராத பிள்ளையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பள்ளியையும் தங்குமிடத்தையும் பிரிக்கவில்லை. பிள்ளைகள் வெட்கப்படாத ஒரு பெயரை வாசலில் வைத்தார்.

இதே காலத்தில் சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பகல் பள்ளியால் என்ன பயன்? பிள்ளையின் நேரத்துக்குப் பள்ளி வந்தது. பெருந்தலைவர் எம்.சி. ராஜா தாமே ஆசிரியராக இருந்தவர். சட்டமன்றத்துக்குள் போன பிறகும் உதவித்தொகை, விடுதி, கட்டணச் சலுகை என்றே கேட்டுக்கொண்டிருந்தார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்கில் உள்ள ஒரு பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம். காமராசரின் மதிய உணவுக்கும் எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கும் இன்றைய காலை உணவுக்கும் அதுவே முன்னோடி. சோற்றுப் பானையைச் சுற்றியும் சாதி நின்றது என்பது வேறு கதை. 2018இல் அவிநாசி பக்கத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டில்கூட இவர்கள் சமாதானம் ஆகவில்லை.

அரசு தரப்பில் 1920 முதல் தொழிலாளர் துறைதான் நம் மக்களுக்கான பள்ளி, விடுதி, உதவித்தொகை எல்லாவற்றையும் பார்த்தது. 1949இல் அது அரிசன நலத்துறையானது. பிறகு ஆதிதிராவிடர் நலத்துறையானது. 1944இல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 3 லட்சம் ரூபாயோடு தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் இந்தத் துறையின் கீழ் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகளும் 1,300க்கும் மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. நூறாண்டுப் போராட்டத்தின் சொத்து இது. யார் வந்து மூடச் சொன்னாலும் விடக் கூடாது.

ஆனால் எண்ணிக்கை வளர்ந்தபோது ஒன்று தேய்ந்தது. சகஜானந்தரின் விடுதியில் பிள்ளைக்கென்று ஒரு பெரியவர் இருந்தார். துறையின் விடுதியில் பதிவேடு இருந்தது. காப்பாளர் இருப்பு எடுப்பார், அரிசி மூட்டை எண்ணுவார், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் கையெழுத்து வாங்குவார். பல விடுதிகளில் இரவு தங்கவும் மாட்டார். நான் படித்த விடுதியில் எங்களைப் பிள்ளைகளாகப் பார்த்தவர் சமையல்கார அக்கா ஒருவர்தான். யார் ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். 'என்னடா, ஸ்கூல்ல எவனாச்சும் எதாச்சும் சொன்னானா?' என்று கேட்பார். சொன்னால் கேட்டுக்கொள்வார். அதற்கு மேல் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் கேட்கவில்லை.

2023 முதல் விடுதியில் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,400 ரூபாய். நாளைக்கு 47 ரூபாய்க்கும் கீழே. மூன்று வேளை. இதை நம் மாணவர் அமைப்புகள் வருடா வருடம் பேசியாக வேண்டும்.

இப்போது நாங்குநேரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் கொஞ்ச நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. உடன் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்கள் செய்யும் தொல்லையை அவன் சொன்னான், புகார் ஆனது. அன்று இரவு வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். பிழைத்துக்கொண்ட அந்த மாணவன், கையால் எழுத முடியாத நிலையில், உதவியாளரை வைத்துத் தேர்வெழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான் என்பதை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எனக்கு உறுத்துவது புகாருக்கும் இரவுக்கும் இடையில் இருந்த அந்தச் சில மணி நேரம். இங்கே கேள்வி கேட்கப்பட்டது. பிள்ளை பதிலும் சொன்னான். சொன்ன பிறகு அவனைக் காப்பது யார் பொறுப்பு என்பதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. தாத்தா சீனிவாசன் வெளியே ஒளிந்து நின்றதில் இருந்த புத்திசாலித்தனம் இதுதான் போலும் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

திடீரென்று நடந்ததல்ல இது. கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019லேயே பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், அது தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய துறை அமைச்சர் சொல்லிவிட்டார். நான்கே ஆண்டுகளில் நாங்குநேரி.

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, பொட்டு, சாதிப் பெயர்ப்பலகை பற்றிய பரிந்துரைகள் ஊடகத்தில் சூடாகப் பேசப்பட்டன. பள்ளிப் பெயர்களிலிருந்து 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற முன்னொட்டுகளை எடுக்கச் சொன்னது குழு; அயோத்திதாசர் காலத்துச் சண்டை அது. 2025இல் அரசு விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரவேற்கலாம். துறைப் பள்ளிகளை எல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவரச் சொல்லும் பரிந்துரையில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு: நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிதியும் பணியிடமும் அந்தக் குடைக்குள் காணாமல் போகாது என்பதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் வேண்டும்.

யாரும் அதிகம் பேசாத பரிந்துரை ஒன்று அதில் இருக்கிறது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடம். சாதிப் பாகுபாடு, ராகிங், போதைப்பொருள், மற்ற குற்றங்கள் எல்லாவற்றையும் கவனிக்க, பள்ளிக்குள்ளேயே ஓர் ஆள். இப்போது இருப்பவை என்ன? 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி; 14417, 1098 என்ற உதவி எண்கள். இவை வேண்டும், எண்களை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் நாமே எழுதி வைப்போம். ஆனால் பெட்டியில் சீட்டு போட, சாவி யாரிடம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் எந்தச் சாதி என்றும் பிள்ளைக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் கணக்குப் போடாது என்று நினைப்பவர்கள் கிராமத்துப் பள்ளியைப் பார்த்ததில்லை.

ஆகவே அந்தப் பணியிடத்தை யார் நிரப்பப் போகிறார்கள் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிடுவார்களா? உள்ளூர் ஆதிக்கச் சாதியின் பிடிக்குள் இருக்கும் ஒருவரா? இட ஒதுக்கீட்டின்படி நியமனமா, ஒப்பந்தமா? தலைமை ஆசிரியரைத் தாண்டி மேலே எழுத அவருக்கு அதிகாரம் உண்டா? புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எப்படி வீடு போகிறது, யார் கூடப் போகிறார்கள் என்று தீர்மானிப்பது அவருடைய வேலையா இல்லையா?

சட்டக் கல்லூரி, சமூகப்பணி, கல்வியியல் படிக்கும் தோழர்கள் அந்த அறிக்கையைத் தரவிறக்கி இந்தப் பகுதியை முழுதாகப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் 500 மாணவர்களுக்கு மேல் உள்ள அரசுப் பள்ளிகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பணியிடம் உருவாக்கப்பட்டதா, ஆள் போடப்பட்டாரா, எந்த அடிப்படையில் என்று பள்ளிவாரியாகக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். அதற்குள், உங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் காலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருமுறை போய் வெளியே நின்று பாருங்கள்.